விளக்கு வைக்க வேண்டிய இடம்

என் வீட்டுக்காரர் தங்கராஜுவுக்குத் தனியாக இருக்கவே பிடிக்காது. தனியாகச் சாப்பிட மாட்டார், தனியாகப் படம் பார்க்க மாட்டார், கீழே கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வருவதற்குக்கூட என்னையோ மகளையோ இழுத்துக்கொண்டு போவார். அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கடவுள் கொடுத்த வேலையைப் பாருங்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது. அத்தனை உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், பேச்சுத்துணைக்கு ஒரு காக்காய்கூட வராத இடத்தில், வாலிபம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். அதனால்தானோ என்னவோ, நாலு நாள் லீவு கிடைத்தால் தரையில் படுக்க வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்று பறப்பார்.

தரையில் படுப்பது என்றால் சிங்கப்பூரில் எங்கள் பெண்டிமியர் வீட்டு ஹாலில் ஒரு பாயை விரித்துப் படுத்தால் போதாதா? போதாது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பர்மிட் எடுத்துக் கூடாரம் போட்டால்? அதுவும் ஆகாது. "இந்தப் பக்கம் பார்பிக்யூ, அந்தப் பக்கம் கரோக்கே. இதுவா கேம்ப்?" என்பார். அவருக்கு வேண்டியது மலேசியாவில், திரங்கானு மாநிலத்தில் இருக்கும் கென்யிர் ஏரி. காரில் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டும். அப்புறம் படகு. படகுக்காரர் ஆள் அரவமே இல்லாத ஒரு கரையில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். சொன்ன நாளில்தான் திரும்பி வருவார். அதுவரைக்கும் காடு, தண்ணீர், கொசு, அட்டை.

கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனார். கணுக்காலில் ஓர் அட்டை ஏறியதும் நான் போட்ட கூச்சலில் அந்த ஏரி மீனெல்லாம் அக்கரைக்கு ஓடியிருக்கும். அதோடு கும்பிடு போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவருக்குத் துணை அப்துல் மஜீதுதான்.

மஜீது அண்ணன் தேக்காவில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பெட்டிக்கடை என்றால் ஊருக்குப் போகிறவர்கள் துணிமணி அடுக்குகிற பெட்டி, சூட்கேஸ். இருவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவர் வீட்டு நோன்புப் பெருநாள் பிரியாணி எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் தீபாவளி முறுக்கு அங்கே போகும். வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் ஏரிக்குப் போய், உடம்பெல்லாம் கடி வாங்கி, மீன் நாற்றத்தோடு, என்னவோ போரில் ஜெயித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி வந்து நிற்பார்கள். "காட்டுக்குப் போறதுக்குக் காசு குடுக்கிற பைத்தியங்க உலகத்துல நீங்க ரெண்டு பேருதான்" என்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார். மஜீது அண்ணன் இன்னும் பெரிதாகச் சிரிப்பார்.

போன வருஷம் ஒருவர்தான் உயிரோடு வந்தார்.

நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி, போலீஸ், எல்லையில் கையெழுத்து எல்லாவற்றையும் முடித்து மஜீது அண்ணன்தான் அவரைக் கொண்டுவந்தார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே பெட்டி இறங்கியபோது என் மகள் ரோஷினி கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மாமா, அப்பா தனியாவா இருந்தாரு?"

"இல்லம்மா" என்றார் அவர். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கூடாரத்துக்குள்ள படுத்திருந்தான். கையப் பிடிச்சிக்கிட்டே இருந்தேன். போன்ல லைன் கிடைக்கல. தூங்குற மாதிரிதான் போனான்."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் என் மகள் எழுந்து நடந்தாள். வேலைக்குப் போனாள், சாப்பிட்டாள். நடுநடுவே, "அட்லீஸ்ட் மாமா கூட இருந்தாரு, இல்லமா?" என்று கேட்பாள். நானும் ஆமாம் என்பேன். நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் பிரிந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரைக்கும் அந்த ஆத்மா அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும் என்பார்கள். நாங்கள் ஹாலில் ஏற்றினோம். "இந்த ஊர்ல முக்காவாசிப் பேரு ஆஸ்பத்திரியிலதான் போறாங்க. அங்க போயி வெளக்கு வைக்க முடியுமா? வீட்டுல வச்சாப் போதும் லா" என்றார் என் நாத்தனார். நியாயம்தான். அப்போது நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் அது என்னைக் குடைய ஆரம்பித்தது. விளக்கு எங்கள் ஹாலில், உயிர் போனது ஏரிக்கரையில். இவர் வழி தெரியாதவர் இல்லை. ஆனால் அவ்வளவு தூரம் தனியாக வரமாட்டாரே.

இதற்கிடையில் மஜீது அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். தேக்கா மார்க்கெட்டில் என்னைத் தூரத்தில் பார்த்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்தது என் புருஷன், ஒளிவது இவரா? தலைத்திவசம் நெருங்கியபோது நேரே கடைக்கே போய்விட்டேன்.

"அண்ணே, அந்த இடத்துக்கு என்னக் கூட்டிட்டுப் போங்க. வெளக்கு வைக்கணும்."

அவர் ஏற்கெனவே அடுக்கியிருந்த சூட்கேஸ்களை மறுபடி அடுக்கினார். "அங்க ஒண்ணும் இல்ல தங்கச்சி. வெறும் காடு. உங்களுக்குத்தான் காடே ஆகாதே. மழை வேற."

"மழை பேஞ்சா நனையறேன்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சம்சுன்னிசா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டிட்டுப் போங்களேன்" என்றார் புருஷனிடம். "நானும் வர்றேன். ஒரு வருஷமா நீங்களும் நல்லாத் தூங்கல." மஜீது அண்ணன் கையிலிருந்த சூட்கேஸைக் கீழே வைத்தார்.

ரோஷினி வரவில்லை. தஞ்சோங் பகாரில் அவள் வேலை பார்க்கிற ஆபீசில் லீவு கிடைக்கவில்லை என்றாள். கிடைத்திருந்தாலும் வந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். "ஐ கான்ட் மா. நீங்க போய்ட்டு வாங்க. போட்டோ எதுவும் எடுக்காதீங்க. வந்து வாயால சொல்லுங்க, போதும்."

வழியெல்லாம் சம்சுன்னிசாதான் பேசிக்கொண்டு வந்தார். மஜீது அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிரவு ஏரிக்குப் பக்கத்து ஊரில் தங்கிவிட்டுக் காலையில் படகேறினோம். பாக் டின் என்ற மலாய்க்காரர் படகை ஓட்டினார். வருஷா வருஷம் இவர்கள் இருவரையும் இறக்கிவிடுகிறவர் அவர்தானாம். என்னை யாரென்று சொன்னதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அணை கட்டித் தேக்கிய ஏரி அது. முன்பு மலைக்காடாக இருந்த இடம் என்பதால், மூழ்கிப்போன மரங்களின் உச்சிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே மொட்டையாக நிற்கின்றன. எங்கு பார்த்தாலும் தண்ணீர், மலை, மரக்கட்டை. ஒரு வீடு இல்லை, ஒரு கம்பம் இல்லை. இதில் என்ன அழகைக் கண்டார் இந்த மனுஷன் என்று நினைத்தேன். பிறகு படகுச் சத்தம் நின்றதும் ஒரு நிமிஷம் எல்லாம் அடங்கியது. அப்போது கொஞ்சம் புரிந்தது. கொஞ்சம்தான்.

சம்சுன்னிசாவுக்கு முழங்கால் வலி, சேற்றில் இறங்க முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு படகிலேயே இருந்துவிட்டார். நானும் மஜீது அண்ணனும் இறங்கினோம். தண்ணீரை ஒட்டிச் சமதரையாக ஓர் இடம். கல்லை வட்டமாக வைத்து அடுப்பு மூட்டிய கரி இன்னும் இருந்தது. கூடாரம் போட்டிருந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அதற்குப் பின்னால் காடு, செங்குத்தாக ஏறிப்போகிற ஒற்றையடிப் பாதை.

"இங்கதானே?" என்றேன். அவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அழுகிறார் போலிருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து அகல் விளக்கை எடுத்துப் புல்லின்மேல் வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன், திரி போட்டேன். சொம்பில் ஏரித் தண்ணீரை மொண்டு வைத்தேன். தீக்குச்சியை உரசினால் காற்று அணைத்தது. மறுபடி உரசினேன்.

"தங்கச்சி" என்றார். "அங்க இல்ல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கூடாரம் போட்ட இடத்தைத் தாண்டி, அந்தப் பாதையில் நடந்து போனார். மேடு தொடங்கி, கொஞ்ச தூரம் ஏறி, வேர் புடைத்துக்கொண்டிருந்த ஒரு மரத்தடியில் நின்றார். "இங்க" என்றார்.

விளக்கையும் சொம்பையும் இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு ஏறினேன். எண்ணெய் புடவையில் சிந்தியது. "கூடாரத்துக்குள்ளன்னு சொன்னீங்க. கையப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்க."

"நீங்க வெளக்கு வைக்கிறீங்க" என்றார் அவர். "அதப் போயித் தப்பான இடத்துல வைக்க விட எனக்கு மனசு வரல."

பிறகு சொன்னார். மரத்தைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

"சாயந்தரம் நாலு மணி இருக்கும். நெஞ்சு வலிக்குதுன்னான். வேர்த்துக் கொட்டுச்சு. கூடாரத்துல படுக்க வச்சேன். போட் மறுநாள் ஞாயித்துக்கிழமதான் வரும். மேட்டு மேல ஏறினா லைன் கிடைக்கும், எங்களுக்குத் தெரியும். எப்பவும் அங்க நின்னுதானே உங்களுக்கெல்லாம் போன் பண்ணுவோம்."

எனக்கும் தெரியும். 'சாப்பிட்டியா, சந்திரா? கேஸை மூடினியா?' என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார். மேடேறிய மூச்சு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"நான் எந்திரிச்சதும் கையப் பிடிச்சிக்கிட்டான். போகாத மஜீது, இங்கயே இரு, எனக்குப் பயமா இருக்குன்னான். நான் கேக்கல. இப்ப வந்துருவேன் லா, பேசாமப் படுன்னு அதட்டிட்டு ஓடிட்டேன்."

"லைன் கிடைக்கலன்னீங்களே."

"கிடைச்சுது தங்கச்சி. நல்லாவே இருந்துச்சு. 995 அடிச்சேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் கூப்பிட 995தான். பாலர் பள்ளியிலேயே பாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நாங்கள் நிற்பது மலேசியா. இங்கே எதற்கும் 999.

"ஜொகூர்ல வாங்குன சிம்மு. போகல. கட்டாச்சு. திரும்ப அடிச்சேன், திரும்பக் கட்டாச்சு. லைன்தான் சரியில்லன்னு நெனச்சேன். இன்னும் மேல ஏறினேன். அங்கயும் அதே நம்பர். உச்சி வரைக்கும் போயிட்டேன். இங்க என்ன நம்பருன்னு எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் வர்றவன். அந்த நேரத்துல வெரலுக்கு அந்த ஒரு நம்பர்தான் வந்துச்சு. மறுநாள் பாக் டின்தான் கேட்டாரு, ஏன் 999 அடிக்கலன்னு."

"எவ்வளவு நேரம்?"

"கீழ வரும்போது இருட்டப்போகுது. இங்க கெடந்தான். ஒரு செருப்பு கால்ல, இன்னொண்ணு அங்க கீழ. என்னத் தேடிக்கிட்டு ஏறி வந்திருக்கான்."

அவர் அந்த வேரைக் கையால் தடவினார். "பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னது முழுப் பொய் இல்ல. ராத்திரி பூரா இருந்தேன். ஆனா அவனுக்குத் தெரியாது" என்றார்.

நான் கத்தினேன். முட்டாள் என்றேன், கிறுக்கன் என்றேன், இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். ஒரு நம்பர் தெரியாதா, இருன்னு சொன்னவனை விட்டுட்டுப் போவீங்களா, ஒரு மனுஷன் பயமா இருக்குன்னு சொல்றானே என்று தொண்டை கிழியக் கேட்டேன். படகில் சம்சுன்னிசா எழுந்து நின்றுவிட்டார். மஜீது அண்ணன் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டுகிறவளுக்குக்கூட எதிரே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

ரேஸ்கோர்ஸ் ரோட்டில் ஒரு கிளினிக்கில் நான் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். வந்த இடத்தில் மயங்கி விழுந்தவர்களுக்காக நானே எத்தனையோ தடவை 995 அடித்திருக்கிறேன். யோசித்து அடிப்பதில்லை, விரல் தானாகப் போகும். மஜீது அண்ணன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் அடித்திருப்பேன். சரியான எண்ணை அடித்திருந்தாலும் படகு இங்கே வந்து சேருவதற்குள் என்ன ஆகியிருக்குமோ. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என் நெஞ்சில் அந்த எண் இல்லை. ஒற்றைச் செருப்போடு, தட்டுத்தடுமாறி, மஜீது மஜீது என்று கூப்பிட்டுக்கொண்டே இந்த மேட்டில் ஏறிய என் புருஷன்தான் இருந்தார். யாருமே இல்லாமல் போயிருக்கிறார். தனியாகப் பால் வாங்கக்கூடப் போகாத மனுஷன்.

அழுது ஓய்ந்தபின் வேருக்கு நடுவில் விளக்கை வைத்தேன். காற்று விடவில்லை. மஜீது அண்ணன் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் அதைச் சுற்றி அணையாக வைத்தார். திரி பற்றிக்கொண்டது. சுடர் அவர் விரலைத் தொட்டிருக்க வேண்டும், ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"வாங்க" என்றேன், என் வீட்டுக்காரரிடம். வாய்விட்டே சொன்னேன். "நான் வந்திருக்கேன். துணைக்கு ஆள் இருக்கு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

கீழே பாக் டின் வானத்தைக் காட்டி, "ஹுஜான், ஹுஜான்" என்று கூப்பிட்டார். மழை அக்கரையில் இறங்கியிருந்தது. சொம்புத் தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டு எழுந்தேன்.

"தங்கச்சி" என்றார் மஜீது அண்ணன். "ரோஷினிகிட்ட நானே சொல்லிடுறேன். இனிமே என்னால முடியல. புள்ள மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் வீட்டுக்கே வரல."

ஒரு நிமிஷம், சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்குக் கிடைத்த உண்மை அவளுக்கும் கிடைக்கட்டுமே. பிறகு, 'அட்லீஸ்ட் மாமா கூட இருந்தாரு' என்று கேட்கிற அவள் முகம் வந்தது.

"வாயத் தெறந்தீங்க, அவ்வளவுதான்" என்றேன். "உங்க பாரத்த எறக்கி வைக்க எம் பொண்ணுதான் கிடைச்சாளா? நீங்களே வச்சுக்குங்க. எனக்கும் குடுத்துட்டீங்க, நானும் வச்சுக்கிறேன். அவகிட்ட வேணாம்."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை. இதுவரைக்கும் சொல்லவில்லை. ஆனால் மேட்டில் இறங்கும்போது சேறு வழுக்கியது. அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரோஷினி சோறு வடித்து, மார்க்கெட் கடையில் மீன்குழம்பு தப்பாவ் கட்டி வாங்கி வைத்திருந்தாள். நான் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தாள். தலையைத் துவட்டி முடிக்கவில்லை, கேட்டுவிட்டாள்.

"எப்படிமா இருந்துச்சு?"

"நல்ல இடம்தான். தண்ணி பக்கத்துலயே. உங்கப்பா சும்மா சொல்லல."

"மாமா காமிச்சாரா? அப்பா எங்க படுத்திருந்தாருன்னு?"

"காமிச்சாரு. கூடாரம் போட்ட இடம் அப்படியே இருக்கு. சமதரை. மாமா தலைமாட்டுல உக்காந்திருந்தாராம். தண்ணி குடுத்தாராம், நெத்தியத் தொடச்சி விட்டாராம்." 'இன்னும் ரெண்டு பேர்தான், இப்பக் கூப்பிட்டுருவாரு' என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தடங்கலே இல்லாமல் வந்தது. "கைய விடவே இல்லையாம்."

"அப்பா ஏதாச்சும் சொன்னாராமா? லாஸ்ட்டா?"

இதை அவள் இதுவரை கேட்டதில்லை. மஜீது அண்ணனிடம் கேட்கப் பயந்திருப்பாள் போல. போகாத, இங்கயே இரு, எனக்குப் பயமா இருக்கு. அவருடைய சொல் அப்படியே என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டேன்.

"போட் வந்ததும் மொதல்ல போயி பரோட்டா சாப்பிடணும்னாராம்" என்றேன். "முட்டை போட்டது."

ரோஷினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். "ஐயோ, அப்பா லா! அந்த நேரத்துலயுமா?" என்றாள். சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, மறுபடி சிரித்தாள். ஒரு வருஷமாக நான் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை.

"அப்ப அப்பா பயப்படல, இல்லமா?"

"உங்கப்பாவா?" என்றேன். "அவராவது, பயமாவது."

அவள் நம்பிவிட்டாள். தட்டை எடுத்து வைத்துச் சோறு போட ஆரம்பித்தாள். நானும் அந்த முட்டைப் பரோட்டாவைக் கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தேன். முடியவில்லை.